மூங்கில் அல்லாத மூங்கில்

புதுமனை புகுவிழாவுக்கும் பிறந்த நாளுக்கும் நண்பர்கள் தரும் பரிசுகளில் தவறாமல் இடம்பெறுவது 'லக்கி பாம்பூ' எனப்படும் அதிர்ஷ்ட மூங்கில். கண்ணாடிக் குவளையில் கூழாங்கற்கள், கொஞ்சம் தண்ணீர், மூன்று பச்சைத் தண்டுகள். என் அலுவலக மேசையிலும் ஆறு ஆண்டுகளாக ஒன்று இருக்கிறது.

முதலில், இது மூங்கிலே அல்ல. மூங்கில் புல்லினம், கணுக்களுக்கு இடையே உள்ளீடற்றது. இதன் தண்டோ உள்ளே கெட்டியானது. தாவரவியல் பெயர் டிரசீனா சாண்டேரியானா. தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பம். நம் ஊர் மருளும் இன்று டிரசீனா பேரினத்தில்தான் வைக்கப்படுகிறது. தாயகம் மத்திய ஆப்பிரிக்கா. பெரிய மரங்களின் நிழலில் வளர்வது. சீன வாஸ்துவான ஃபெங் சுயி இதை உலகெங்கும் பரப்பியது. சீன மொழியில் நான்கு என்ற சொல் சாவு என்பதைப் போல ஒலிப்பதால், நான்கு தண்டுகளை யாரும் பரிசளிப்பதில்லை.

தண்ணீர்

இச்செடிக்கு வரும் நோய்களில் பெரும்பாலானவை தண்ணீரிலிருந்தே வருகின்றன. டிரசீனா வகைகளுக்கு ஃப்ளோரைடு ஆகாது. அமெரிக்காவில் பல நகரங்கள் பல் நலனுக்காகக் குழாய் நீரில் அதைச் சேர்க்கின்றன. 2015 முதல் பரிந்துரைக்கப்படும் அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். நமக்கு நல்லதான இது, இலை நுனியில் சேர்ந்து அதைக் கருக்கிவிடும். நீரை இரவு முழுவதும் திறந்து வைத்தால் குளோரின் வெளியேறும், ஃப்ளோரைடு வெளியேறாது. கொதிக்க வைத்தால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். காய்ச்சி வடித்த நீரோ மழைநீரோ உத்தமம். வேர்கள் மூழ்கும் அளவு ஊற்றினால் போதும்.

வாரம் ஒருமுறை நீரை மாற்றுங்கள். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2001-இல் சீனாவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்துக்கு வந்த இச்செடிகளின் நீரில், டெங்குவைப் பரப்பக்கூடிய ஆசியப் புலிக்கொசு பயணம் செய்து வந்தது கண்டுபிடிக்கப்பட்டது. கொசு முட்டைகள் குவளைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே குவளையின் உட்புறத்தையும் தேய்த்துக் கழுவ வேண்டும். சிங்கப்பூர், மலேசியா போன்ற வெப்ப நாடுகளில் வாரம் ஒருமுறை போதாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றுவது நல்லது.

வெளிச்சமும் உரமும்

நேர் வெயில் இலையைப் பொசுக்கும். சன்னலிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். ஹீட்டர், ஏசி காற்று நேரே படக்கூடாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஓரிரு சொட்டுத் திரவ உரம் போதும். மிகுந்தால் அதுவே நஞ்சு. சுருண்ட தண்டு பிறவியிலேயே சுருண்டதல்ல. வெளிச்சத்தை ஒரு பக்கம் மட்டும் காட்டி, செடியைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பண்ணையில் வளைக்கிறார்கள்.

மஞ்சளானால்

இலை மட்டும் மஞ்சளானால் வெயில், உரம், தண்ணீர் மூன்றையும் சரிபாருங்கள். ஆரோக்கியமான வேர் செம்மஞ்சளாக இருக்கும். வேர் கறுத்து நாற்றமடித்து, தண்டு அடியிலிருந்து மஞ்சளாகிக் குழைந்தால் அது அழுகல். அந்தத் தண்டு மீளாது. மற்றவற்றுக்குப் பரவுமுன் அதை எடுத்துவிட வேண்டும். மேற்பகுதி பச்சையாக இருந்தால் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டிப் புதுநீரில் வையுங்கள். சில வாரங்களில் வேர் விடும்.

மஞ்சள் தண்டை அபசகுனமாக எண்ணிக் கலங்குபவர்கள் உண்டு. அலுவலகத்தில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்த நேரத்தில், நண்பர் ஒருவரின் தாயார் அப்படித்தான் உறக்கமின்றித் தவித்தார். மேல்நுனியை வெட்டி வைத்துக் கொடுத்தேன். செடி பிழைத்தது, நண்பரின் வேலை போய்விட்டது. "அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது" என்று சொல்லிவிட்டு, அம்மா குவளைக்குத் தண்ணீர் மாற்றப் போனார்.

பூனை, நாய் வளர்ப்பவர்கள் கவனிக்க: இதன் இலையைத் தின்றால் அவற்றுக்கு வாந்தி வரும். எட்டாத உயரத்தில் வையுங்கள்.