தவறணையிற் பிறந்த தோழமை

குடியை ஒழிக்க முயன்றோர் நெடுங்காலம் குடிகாரனுக்குப் போதனை செய்தனர்; அவன் பேச்சைக் கேட்டவர் அரியர். 1840 ஏப்ரலில் அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில் அந்நிலை மாறியது. தவறணையொன்றிற் கூடிக் குடித்துவந்த அறுவர், இனி மதுவைத் தொடுவதில்லையென உறுதிமொழியில் ஒப்பமிட்டனர். தையற்காரர், தச்சர், கொல்லர் எனக் கைத்தொழிலால் வாழ்ந்தவர்களே அவர்கள். அவர்கள் நிறுவிய வாஷிங்டன் சங்கத்தின் கூட்டங்களிற் பிரசங்கத்துக்கு முதன்மையில்லை. ஒவ்வொருவரும் தாம் வீழ்ந்த கதையையும் எழுந்த கதையையும் கூறினர். ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். எனினும் பத்தாண்டு செல்வதற்குள் அரசியற் பூசல்களும் உறுதியான அமைப்பின்மையும் அவ்வியக்கத்தைச் சிதைத்தன.

1935 மே மாதம் அக்றன் நகரில் அதே உண்மை மீண்டும் கண்டறியப்பட்டது. வணிக முயற்சி பொய்த்துத் தனித்துநின்ற பில் வில்சனை விடுதியின் மதுக்கூடம் அழைத்தது. அங்கே செல்லாது, தொலைபேசி வாயிலாக மற்றொரு குடிநோயாளரைத் தேடினார். கிடைத்தவர் றொபேட் சிமித் என்னும் வைத்தியர். அவ்விருவரின் உரையாடலிலிருந்தே 'அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்' சங்கம் பிறந்தது. அங்கே கட்டணமில்லை, குடியை விடவேண்டுமென்ற விருப்பமொன்றே அங்கத்துவத் தகுதி.

இத்தகைய கூட்டங்கள் மதுவணிகரின் இலாபத்தையோ, உழைப்பவனைக் குடியின்பால் தள்ளும் வறுமையையோ ஒழித்துவிடா. அவற்றை எதிர்த்தல் சமுதாயத்தின் கடமை. ஆயினும் அப்போராட்டம் வெல்லும்வரை இன்று குடித்து அழிபவன் காத்திருக்க இயலாது. அவனை ஒழுக்கங்கெட்டவனென ஒதுக்குவது எளிது. ஆசிரியராகிய நாமும் அதனைச் செய்திருக்கிறோம். அவன் தேடுவது நீதிபதியை அன்று. தன்னைப்போல் வீழ்ந்து எழுந்த ஒருவனை. அத்தகையோர் கூடும் இடத்தை அவனுக்குக் காட்டுதல் நம் கடன்.