எண்மர் கையில் மாநகரம்

தேர்தலில் மிகுதியான இடங்களைப் பெற்றவரே ஆட்சிப் பொறுப்பை ஏற்பர் என்பது பொது வழக்கு. எனினும், பெற்றவர் ஒருவர், ஆண்டவர் மற்றொருவர் என்னும் நிலையும் நம் நாட்டு நகரசபைகளில் புதிதன்று. சென்ற பத்தாண்டில் பெங்களூரில் நிகழ்ந்த ஒன்றை நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம். தாயகம் விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறி, அங்கே எண்ணிக்கையிற் சிறுபான்மையராக வாழும் தமிழருக்கு அது அயலார் கதையன்று.

பெங்களூரின் வடகிழக்கே, பழைய கண்டோன்மென்ட்டை அடுத்துள்ளது லிங்கராஜபுரம். தமிழர் பலர் பல தலைமுறைகளாக வாழும் பகுதி அது. 1809ஆம் ஆண்டு ஆங்கிலேயர் பெங்களூரில் படைத்தளம் அமைத்தபோது, சென்னை ராஜதானிப் படைகளைத் தொடர்ந்து கொத்தரும் வணிகரும் ஏவலரும் தமிழகத்தினின்று வந்து இவ்வட்டாரங்களிற் குடியேறினர். நெடுங்காலம் கண்டோன்மென்ட்டுக்கு ஒரு நகரசபையும், பழைய பேட்டைக்கு மற்றொரு நகரசபையும் இருந்தன. 1949இல் இரண்டும் இணைந்து ஒரே மாநகராட்சியாயின. 2007இல் சுற்றியிருந்த நகராட்சிகளும் நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்களும் அதனோடு சேர்க்கப்பட்டு, 198 வார்டுகள் கொண்ட பெருமாநகராட்சி உருவாயிற்று. லிங்கராஜபுரம் அதில் 49ஆம் வார்டு.

2015 ஆகஸ்டில் அம்மாநகராட்சிக்குத் தேர்தல் நடைபெற்றது. பாரதிய ஜனதா கட்சிக்கு 100 இடம், காங்கிரசுக்கு 76, மதச்சார்பற்ற ஜனதா தளத்துக்கு 14, எஞ்சிய 8 பேரிற் பெரும்பாலோர் சுயேச்சைகள். 198இல் 100 என்பது பெரும்பான்மைதானே என்று நேயர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் அந்நாளில் பெங்களூரில் மேயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வார்டு அங்கத்தினருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. நகரத்துச் சட்டமன்ற உறுப்பினரும், மேலவையினரும், நாடாளுமன்ற உறுப்பினரும் உடன் வாக்களித்தனர். இவர்களையும் சேர்த்தால் வாக்காளர் தொகை ஏறத்தாழ 260 ஆயிற்று. கணக்கு அங்கேதான் புரண்டது. நூறு பேரை உடைய கட்சி எதிர்வரிசையில் அமர்ந்தது. காங்கிரசும் ஜனதா தளமும் உடன்பாடு செய்துகொண்டு, சுயேச்சைகளின் ஆதரவையும் பெற்றுச் செப்டம்பர் 11ஆம் நாள் வென்றன. மஞ்சுநாத ரெட்டி மேயரானார். துணை மேயர் பதவி தளத்தைச் சேர்ந்த ஹேமலதாவுக்குச் சென்றது. வாக்கெடுப்புக்கு முன்னர்ச் சுயேச்சைகள் சிலர் கேரளத்து விடுதி ஒன்றில் தங்கவைக்கப்பட்டனர் என்று அந்நாளைய செய்தித்தாள்கள் எழுதின. அந்த உபசாரத்தின் செலவை எவர் ஏற்றனர் என்பதை நேயர்களின் ஊகத்துக்கு விட்டுவிடுகின்றோம்.

இதிற் சுயேச்சைகளை மட்டும் பழிப்பது முறையன்று என்பது நமது கருத்து. நிலைமையை உண்டாக்கியது அந்நாளைய விதியே. அக்காலத்தில் பெங்களூர் மேயரின் பதவிக்காலம் ஓராண்டு. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் புதுப் பேரம் பேசவேண்டியிருந்தது; நிலைக்குழுக்களின் தலைமைப் பதவிகள் அப்பேரத்தின் சரக்காயின. கட்சி அங்கத்தினரைக் கட்சித்தாவல் தடைச்சட்டம் கட்டுப்படுத்தும். கர்நாடகம் உள்ளாட்சி மன்றங்களுக்கென 1987இலேயே அத்தகைய சட்டம் இயற்றியது. சுயேச்சையையோ எந்தக் கட்சிக் கொறடாவின் ஆணையும் கட்டுப்படுத்தாது. எனவே ஐந்தாண்டில் ஐந்து முறை அவருடைய வாசலில் பெரிய கட்சிகள் காத்து நின்றன. அவர் கெட்டிக்காரராயின் தம் வார்டுக்குச் சாலையும் சாக்கடையும் தெருவிளக்கும் கேட்டுப் பெறலாம். தமக்கென்று மட்டும் கேட்டாரெனில் வார்டுக்கு மிஞ்சுவது சுவரொட்டியே.

ஐந்தாண்டில் ஐந்து மேயர்களை நகரம் கண்டது. 2017இல் லிங்கராஜபுரத்தின் அண்டை வட்டாரமான தேவரஜீவனஹள்ளியினின்று சம்பத் ராஜ் அப்பதவிக்கு வந்தார். 2019 ஜூலையில் மாநில ஆட்சி மாறிற்று. அதே அக்டோபரில் பாரதிய ஜனதாவின் கௌதம் குமார் மேயரானார். நான்கு ஆண்டு எதிர்வரிசையில் இருந்த நூற்றுவருக்கு இறுதியாண்டில்தான் முறை வந்தது. இடையில் பொதுத்தேர்தல் ஏதும் மாநகராட்சிக்கு நடைபெறவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

தமிழகத்திலும் இத்தகைய காட்சி முன்னரே நிகழ்ந்துள்ளது. 1959இல் சென்னை மாநகராட்சியின் 100 இடங்களில் திராவிட முன்னேற்றக் கழகம் 45ஐ வென்றது. அறுதிப் பெரும்பான்மை இல்லை. பிறர் துணையோடு அ. பொ. அரசு மேயரானார். அன்று கைகொடுத்த அச்சிலரின் பெயர்களை இன்று நினைவு வைத்திருப்போர் அரியர். ஆயினும் எட்டாண்டுக்குப்பின் மாநிலத்தையே ஆளவந்த கட்சிக்குத் தலைநகரின் முதற்படியை அவர்களே அமைத்துக் கொடுத்தனர்.

மீண்டும் பெங்களூருக்கு வருவோம். 2020 செப்டம்பரில் மன்றத்தின் ஆயுள் முடிந்தது. அடுத்த தேர்தல் உடனே வரவில்லை. வார்டுகளின் எண்ணிக்கையை மாற்றுவதும், அதன்மேல் வழக்காடுவதும், மீண்டும் மாற்றுவதுமாக ஆண்டுகள் கழிந்தன. அரசு நியமித்த அதிகாரியே மன்றத்தின் இடத்தில் அமர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறிய புதுச்சட்டம் மேயரின் காலத்தை 30 மாதமாக நீட்டியது. அச்சட்டத்தின்கீழ் ஒரு மேயரும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. 2025 செப்டம்பரில் அப்பெருமாநகராட்சியே ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. இடைப்பட்ட அவ்வாண்டுகளில் லிங்கராஜபுரத்துத் தெருவில் குப்பை தேங்கினாலும், மழைநீர்க் கால்வாய் அடைபட்டாலும், முறையிடச் செல்வதற்கு நூற்றுவருள் ஒருவரும் இல்லை, எண்மருள் ஒருவரும் இல்லை.