தமிழிலும் கன்னடத்திலும் ஒன்பது: எண்ணுப்பெயர் வரலாற்றில் ஒரு சிக்கல்

1. முன்னுரை
எண்ணுப்பெயர்கள் எளிதில் மாறாத அடிப்படைச் சொற்கள் என்பர். 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இவற்றை விரிவாக ஆராய்ந்தார். மைசூரில் தென்மண்டல மொழி மையத்தில் தமிழ் பயிலும் கன்னடத்தாருக்கும் இவ்வுறவு பெருந்துணையாகும். எனினும் ஒன்பதை ஒட்டிய எண்களில் இருமொழிகளும் வேறுபடுகின்றன. அவ்வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ஒலிமாற்றம்
தமிழ் ‘பத்து’ இன்றைய கன்னடத்தில் ‘ஹத்து’. பழங்கன்னடத்தில் இது ‘பத்து’ என்றே வழங்கியது. பின்னர் மொழிமுதற் பகரம் ஹகரமாயிற்று. சொல்லிடையில் அம்மாற்றம் நிகழாமையால் ‘இப்பத்து’ (20), ‘எம்பத்து’ (80) ஆகியவற்றில் பழைய பகரத்தின் சுவடு எஞ்சியுள்ளது. தமிழ் ‘எட்டு’ கன்னடத்தில் ‘எண்டு’. அந்த மூக்கொலியைத் தமிழ் ‘எண்பது’, ‘எண்ணூறு’ என்னும் தொடர்மொழிகளில் காத்து வருகிறது.

3. சிக்கல்
எண்ணூறு 800, ஆனால் அதே அமைப்புடைய தொண்ணூறு 90 மட்டுமே. எண்ணாயிரம் 8000, தொள்ளாயிரமோ 900. வடிவத்தால் ஓரிடம் உயர்ந்தும் மதிப்பால் தாழ்ந்தும் இவை நிற்கின்றன. தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் ஒன்பதும் பத்தும் புணர்ந்து தொண்ணூறு ஆவதாகவும், ஒன்பதும் நூறும் புணர்ந்து தொள்ளாயிரம் ஆவதாகவும் விதி வகுத்தார். வழக்கிலுள்ள வடிவத்தை விளக்க அவ்விதிகள் போதும்; ‘தொ’ எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒப்பீடே விடை தரும்.

4. ஒப்பீடு
ஒன்பதைத் தெலுங்கு ‘தொம்மிதி’ என்கிறது. கன்னடத்தில் 9 ‘ஒம்பத்து’, 90 ‘தொம்பத்து’. பழந்தமிழில் ‘தொண்டு’ என்பதே ஒன்பதைக் குறித்தது. பரிபாடலில் இதற்குச் சான்றுண்டு. எனவே தகரம் புணர்ச்சியில் தோன்றியதன்று. தொன்மையானது எனக் கொள்ளலாம். மேலெண்ணில் குறைத்துச் சொல்லும் முறையால் 100, 1000 என்பவற்றின் பெயர்கள் 90, 900 ஆகியவற்றுள் புகுந்தன எனக் கருத இடமுண்டு. இம்முறை அரிதன்று. இலத்தீனில் 19 ‘இருபதில் ஒன்று குறைவு’ எனப்பட்டது. அதன் வழிவந்த ஸ்பானியம் அதனைக் கைவிட்டு ‘பத்தும் ஒன்பதும்’ எனக் கூட்டிச் சொல்கிறது.

5. முடிவுரை
‘தொண்’ என்னும் அடி இம்மொழிகளுக்குப் பொதுவானது. தமிழும் மலையாளமும் மேலெண் பெயரைக் கொண்டு 90, 900 என்பவற்றை அமைக்க, கன்னடம் ‘எம்பத்து’ போன்றே ‘தொம்பத்து’ எனப் பெருக்கல் முறையில் அமைத்தது. கன்னட மாணவர் தொண்ணூறு என்பதிலுள்ள ‘நூறு’ கண்டு மயங்குதல் இயல்பே. அதனைப் பிழையெனத் திருத்துவதினும், வரலாற்றோடு விளக்கிக் கற்பித்தல் பயன்தரும்.