படகில்லா மெரினா

பல்லாண்டுகள் அயல்நாட்டில் வாழ்ந்துவிட்டுச் சென்னைக்கே திரும்பிவிட எண்ணிய நண்பர் ஒருவர் எங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார். வீட்டு வாடகையைப் பற்றியோ பள்ளிக்கூடங்களைப் பற்றியோ அவர் எதுவும் கேட்கவில்லை. குடும்பத்தோடு விடுமுறை நாட்களில் செலுத்தி மகிழ்ந்த பாய்மரப் படகு ஒன்று அவரிடம் இருந்தது. முப்பதடி நீளம். அதைச் சென்னையில் எங்கே நிறுத்தி வைப்பது என்பதே அவருடைய கேள்வி. 'இதற்கு ஏன் கவலைப்படுகிறீர்கள் அப்பா? அந்த ஊரில்தான் மெரினா இருக்கிறதே' என்று அவருடைய மகள் சொன்னாளாம். அந்தப் பெண் வளர்ந்த ஊரில் மெரினா என்றால் படகுகள் கட்டிக்கிடக்கும் துறை. நம் ஊரிலோ சுண்டலும் மாங்காயும் விற்கும் மணல்வெளி.

முதலில் நாங்கள் சிரித்துவிட்டோம். பிறகு யோசித்துப் பார்த்தபோது அவள் கேட்டது நியாயமாகவே பட்டது. கடலோரத்தில் பிறந்து கடலால் வளர்ந்த ஒரு மாநகரத்தில், ஒரு குடும்பத்தின் படகுக்கு இடமில்லாமல் போனது எப்படி? அதைத் தேடிப் போனதன் விளைவே இக்கட்டுரை.

பெயரிலிருந்தே தொடங்குவோம். 1881 முதல் 1886 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த மவுண்ட்ஸ்டூவர்ட் எல்பின்ஸ்டன் கிராண்ட் டஃப், 1884-இல் கடற்கரையை ஒட்டி உலாவும் சாலை ஒன்றை அமைத்தார். சிசிலித் தீவில் கண்ட கடற்கரைகளின் நினைவாக அதற்கு 'மெரினா' என்று பெயர் வைத்தார். இத்தாலிய மொழியில் அச்சொல் கடலோரத்தைக் குறிப்பது. படகுத்துறை என்ற பொருள் அதற்கு ஏற்பட்டது பின்னாளில், இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில். ஆக, ஆளுநர் பொய் சொல்லவில்லை. சொல்தான் நம்மை விட்டுவிட்டு வேறு திசையில் பயணம் செய்திருக்கிறது.

ஆனால் பெயர் எதுவாயினும், அங்கே படகு கட்ட இயலாது என்பதே உண்மை. காரணம், சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. நம் முன்னோர் கலம் கட்டிய இடங்களைப் பாருங்கள். காவிரி கடலோடு கலக்கும் புகாரில், உப்பை விற்று நெல்லோடு திரும்பிய படகுகள், கொட்டிலில் நிற்கும் குதிரைகளைப் போல வரிசையாகப் பிணிக்கப்பட்டிருந்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அந்தக் காட்சி நிகழ்வது திறந்த கடலில் அன்று; அலையடங்கிய உப்பங்கழியில். 1960-களில் பூம்புகாரை அடுத்த கீழையூரில் நடந்த அகழாய்வில் செங்கல்லால் கட்டிய படகுத்துறையும், படகுகளைக் கட்டுவதற்கான பனந்தூண்களும் வெளிப்பட்டன. கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியவை என்பது ஆய்வாளர் கணிப்பு. அரிக்கமேடும் ஆற்றங்கரையில் அமைந்ததே. அசையாத நீர் இருந்த இடத்தைத் தேடித்தான் அன்று துறை அமைத்தார்கள்.

சென்னையிலோ கூவமும் அடையாறும் கடலைச் சேரும் இடங்களை ஆண்டில் பல மாதங்கள் மணல்திட்டு அடைத்துக்கொள்கிறது. முட்டுக்காட்டுக் கழிமுகத்தின் கதையும் அதுவே. அடியில் நீண்ட ஏராவுடைய படகு மிதக்க ஆழம் வேண்டும். கடலுக்குப் போய்வர வாயிலும் திறந்திருக்க வேண்டும். இவ்விரண்டும் இங்கே ஒருசேர அமைவதில்லை. இதனால்தான் ஆங்கிலேயரின் கப்பல்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கரையிலிருந்து எட்டத்திலேயே நங்கூரமிட்டு நின்றன. ஆட்களையும் சரக்குகளையும் கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணியே அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. அலை மோதும்போது மரம் உடையாமல் வளைந்துகொடுக்கும்.

அவற்றினும் எளியது கட்டுமரம். உண்மையில், இந்தக் கரைக்கே உரிய குடும்பப் படகு அதுதான். அலையின் மேலேறிக் கரையில் வந்து விழும். மீனவர் கயிற்றை அவிழ்த்து மரங்களை மணலில் உலர வைப்பர். மறுநாள் மீண்டும் கட்டிக்கொண்டு கடலுக்குப் போவர். அதற்குத் துறையும் வேண்டாம், சுவரும் வேண்டாம். ஆங்கிலம் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு, இரட்டை உடல் கொண்ட வேறொரு கலத்துக்குச் சூட்டிவிட்டது. மெரினாவைப் போலவே இதுவும் இடம்மாறிய சொல்.

பெரிய கப்பல்களுக்கு இந்த எளிமை போதாது. 1861-இல் கடலுக்குள் சுமார் 1,100 அடி நீளும் இரும்புப் பாலம் ஒன்று கட்டப்பட்டது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டு, பார்க்ஸ் என்னும் பொறியாளரின் திட்டப்படி வேலை தொடங்கியது. கடலுக்குள் இரு கரங்களை நீட்டி நடுவே அமைதியான நீரைச் சிறைப்பிடிப்பது திட்டம். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் வந்த புயல் அக்கரங்களை உடைத்தெறிந்தது. மீண்டும் கட்டினார்கள். வாயில் கிழக்கு நோக்கித் திறந்திருந்ததால் அலைகள் உள்ளே நுழைந்து கப்பல்களை ஆட்டிப்படைத்தன.

1904-இல் துறைமுகப் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் இதற்குத் தீர்வு கண்டார். கிழக்கு வாயிலை மூடச்செய்து வடகிழக்கில் புதுவாயில் திறந்தார். சீனிவாச ராமானுஜனின் வரலாற்றைப் படித்தவர்கள் இந்தப் பெயரை அறிவர். 1912 மார்ச் முதல் நாள், மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் ராமானுஜன் எழுத்தராகச் சேர்ந்தது இவருடைய அலுவலகத்தில்தான். அதற்கு முந்தைய ஆண்டான 1911-இல் ஸ்பிரிங் இன்னொன்றையும் தொடங்கியிருந்தார்: இன்று ராயல் மெட்ராஸ் யாட் கிளப் என்று அறியப்படும் பாய்மரப் படகு மன்றம். அதன் இடம் துறைமுகச் சுவர்களுக்குள்ளேயே அமைந்தது. நண்பரின் கேள்விக்குச் சென்னை தரக்கூடிய ஒரே பழைய விடை அதுதான். ஆனால் சரக்குக் கப்பல்களின் துறைமுகம் காவல் மிகுந்த இடம். நினைத்தபோது மகளை அழைத்துக்கொண்டு போய்ப் பாய் விரிக்கும் துறையாக அது இருக்க முடியாது.

'அப்படியானால் புதிதாக ஒன்று கட்டிக்கொண்டால் என்ன?' என்று வாசகர்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். விடை மணலில் இருக்கிறது.

நம் கரையோரமாக ஆண்டுதோறும் பல இலட்சம் டன் மணல் பயணம் செய்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின்போது சில மாதங்கள் தெற்கே போனாலும், கூட்டிக்கழித்துப் பார்த்தால் மணலின் பயணம் வடக்கு நோக்கியே. துறைமுகத்தின் கரம் அதன் குறுக்கே நின்றது. தெற்கே வந்த மணல் அங்கேயே தங்கியது. ஒரு காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டையின் கிழக்கு மதிலருகே அலையடித்த கடல் பின்வாங்கிப் போயிற்று. கிராண்ட் டஃபின் சாலைக்கு முன்னே மணல் ஆண்டுக்காண்டு அகன்றது. நாம் பெருமையோடு காட்டும் மெரினாவின் அகலம், துறைமுகம் தந்த எதிர்பாராத கொடை.

அந்த மணல் வடக்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது. அது வராமற்போனதால் இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கரையைக் கடல் அரித்தது. மீனவர் தெருக்கள் கடலுக்குள் போயின. இன்று காசிமேட்டிலிருந்து வடக்கே போனால் மணலைக் காண்பதரிது. கருங்கல் குவித்த தடுப்புச் சுவர்களே கண்ணில் படும். கட்டுமரத்துக்குத் துறை வேண்டாம், ஆனால் மணற்கரை வேண்டுமே! இழுத்துப் போடக் கரை இல்லாதவன் கட்டுமரத்தை எங்கே அவிழ்ப்பான்? நண்பருக்கு ஒரு படகுக்கு இடமில்லை. வடசென்னையில் தலைமுறை தலைமுறையாகப் படகு வைத்திருந்தவர்கள் இருந்த இடத்தையே இழந்தார்கள். அசைவற்ற நீர் வேண்டுமென்றால் சுவர் வேண்டும். இந்தக் கரையில் எழுப்பும் ஒவ்வொரு சுவருக்கும் வடக்கே யாரோ ஒருவர் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

இவற்றையெல்லாம் நண்பருக்கு விரிவாக எழுதினோம். படகை எப்படியும் கொண்டுவந்தே தீருவதென்றால் கொச்சியைப் பார்க்கும்படியும் சொன்னோம். 1341-இல் பெரியாற்று வெள்ளம் திறந்துவிட்டதாகக் கருதப்படும் வாயில் அது. காயல் இயற்கையாகவே அமைதியான நீர். அங்கே போல்காட்டியில் 2010-இல் ஒரு மெரினா திறக்கப்பட்டது. மகளுக்குத் தெரிந்த பொருளில், உண்மையான மெரினா.

நண்பர் படகை அங்கேயே விற்றுவிட்டு வந்து சேர்ந்தார். ஒரு ஞாயிறு காலை அவர்களை முதலில் காசிமேட்டுக்கு அழைத்துச் சென்றோம். கருங்கற்களின் மேல் நின்று மகள் நெடுநேரம் கடலைப் பார்த்தாள். மாலையில் மெரினா. சாலையிலிருந்து அலையை அடைய மணலில் வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. பாதி வழியில் நின்று, 'காலையில் பார்த்த இடத்து மணலா இது?' என்று கேட்டாள். ஆம் என்றோம்.

வாசகர்களும் ஒருமுறை இவ்விரு கரைகளையும் ஒரே நாளில் பார்த்து வாருங்கள்.