அப்பாவின் ஜனதா வாட்சும் நான் வகுப்பில் சொன்ன கதையும்



ஐந்தாண்டுத் திட்டங்கள் பாடம் வரும்போதெல்லாம் என் வாட்சைக் கழற்றி வகுப்பில் சுற்றுக்கு விடுவேனே, நினைவிருக்கிறதா? "எச்.எம்.டி. ஜனதா. நேரு வெளியிட்ட முதல் தொகுதியில் எங்கள் அப்பா வாங்கியது" என்பேன். அந்தக் கதையில் பாதி தவறு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

எனக்குப் பிறகு அந்த வாட்ச் அக்கா பேரனுக்கு என்று சொல்லியிருந்தேன். போன மாதம் அவன் அண்ணனூர் வீட்டுக்கு வந்தான். பழைய வாட்ச் சேகரிப்பவர் ஒருவர் நல்ல விலை தருகிறாராம். "முதல் தொகுதி, ஒரிஜினல்னு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்க தாத்தா, போதும்" என்றான். பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. "ஆதாரம் எங்கே?" என்று உங்களைக் கேட்டுக் கேட்டே ஓய்வு பெற்றவன் நான்.

முதலில் வரலாறு. எச்.எம்.டி. 1953-இல் பெங்களூரில் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-இல் அங்கே வாட்ச் தொழிற்சாலை அமைத்தது. முதல் தொகுதியை வெளியிட்டவர் நேரு. இது உண்மை. ஆனால் ஜனதா அதன் பிறகும் பல்லாண்டுகள் வந்துகொண்டே இருந்தது. ஜனதா என்பதாலேயே அது முதல் தொகுதி ஆகிவிடாது.

ஆவடியில் ஒரு வாட்ச் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். பழைய வாட்சைப் பார்க்கும்போது இரண்டு கேள்விகள் உண்டு என்றார். உண்மையானதா? மாறாமல் இருக்கிறதா?

பின்மூடியைத் திறந்தார். மெஷினில் எச்.எம்.டி. முத்திரை. டயலில் உள்ள 17 ஜுவல் என்ற கணக்கே மெஷினிலும். ஆக, போலி அல்ல. பிறகு லென்சை என்னிடம் தந்து டயலைப் பார்க்கச் சொன்னார். எழுத்துகளின் தடிமன் சீராக இல்லை. நிமிடக் கோடுகள் சில சாய்ந்திருந்தன. கேஸ் ஐம்பது வருடம் தேய்ந்திருக்க, டயல் மட்டும் நேற்று வந்ததுபோல் இருந்தது. "மறுபடி பெயின்ட் அடிச்ச டயல் சார். வேர்வை இறங்கினா டயல் கறுத்துடும். அப்போ இதுதான் வழக்கம்."

அது ஏமாற்று அல்ல, பழுது பார்த்தது. அதை ஒரிஜினல் என்று விற்பதுதான் ஏமாற்று. 1984-இல் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்சுகளைக் கொண்டுவந்தது. சாவி கொடுக்கும் எச்.எம்.டி. பின்தங்கியது. எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. இப்போது அவற்றைத் தேடுவோர் நிறைய. மூன்று வாட்சின் பாகங்களைச் சேர்த்து, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் டயல் அடித்து விற்பதும் நடக்கிறது.

பழுது பார்ப்பவர்கள் பின்மூடியின் உட்புறம் தேதியைக் கீறி வைப்பதுண்டு. எங்கள் வாட்சில் மிகப் பழைய கீறல் 3-76. அதற்கு முன்பே வாங்கியது என்பதற்குத்தான் அது சாட்சி. எவ்வளவு முன்பு? 1969-இல் எடுத்த அக்கா கல்யாண போட்டோவில் அப்பாவின் கை வெறுங்கை. கழற்றி வைத்திருக்கலாம், அது மட்டும் போதாது. அக்காவுக்கே போன் போட்டேன்.

"1974டா. பெரியவன் பாலிடெக்னிக் சேர்ந்த வருஷம், போனஸ்ல வாங்கினார். புது டப்பாவோட சாமி படத்துக்கு முன்னாடி வச்சாரே!"

"அப்போ முதல் தொகுதி?"

"நேரு ஆரம்பிச்சு வச்ச கம்பெனி வாட்ச்னுதான் அப்பா சொல்வார். மீதி நீ சேர்த்தது."

அப்பா பொய் சொல்லவில்லை. வகுப்பில் கதை எடுபட வேண்டும் என்று நான்தான் எங்கோ ஒரு வருடம் ஒரு வார்த்தையைக் கூட்டியிருக்கிறேன். பிறகு நானே அதை நம்பிவிட்டேன்.

கடிதம் எழுதிக் கொடுத்தேன்: "எச்.எம்.டி. ஜனதா. 1974-இல் வாங்கியது என்பது குடும்பத்தார் நினைவு. மெஷின் உண்மையானது. டயல் மறுபடி பெயின்ட் அடித்தது." கேட்ட விலை பாதிக்கும் கீழே போனது. பேரன் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. வாட்ச் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. காலையில் சாவி கொடுக்கிறேன், ஓடுகிறது.

அந்தக் கதையை உங்கள் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தால் தயவுசெய்து திருத்திச் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலும் பழைய வாட்ச் இருந்தால் பின்மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, தேதி போட்டு எழுதி வையுங்கள்.

உங்கள் வரலாற்று வாத்தியார்,
அண்ணனூர்.