கொலாஜன் ஆய்வு வரலாற்றில் சென்னை: வடிவமும் நொதியும் முதுமையும்

போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலைச் சரிவுகளுக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்லும் தொழிலாளரின் உழைப்பைத் தாங்குபவை மூட்டும் தசைநாணும். முதுமையில் விறைப்பவையும் அவையே. அவற்றின் முதன்மைப் புரதம் கொலாஜன். அதன் வடிவம் கண்டறியப்பட்ட வரலாற்றில் சென்னைக்குத் தனியிடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் மூவிழைக் கட்டமைப்பை முன்வைத்தனர். 1955இல் அதனை முறுக்கிய மூவிழைச் சுருளாகத் திருத்தினர். ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் அமைவது இக்கட்டமைப்பின் அடிப்படை.

எனினும், இழைகளின் உறுதி இவ்வமைப்பால் மட்டும் கிடைப்பதன்று. புரோலைல் ஹைட்ராக்சிலேஸ் என்னும் நொதி புரோலினை ஹைட்ராக்சிபுரோலினாக மாற்றிச் சுருளை நிலைப்படுத்துகிறது. இதற்கு வைட்டமின் சி தேவை. 1968இல் பின்னெல், மார்ட்டின் ஆகியோர் விளக்கிய லைசைல் ஆக்சிடேஸ் குறுக்குப்பிணைப்புகளுக்கு வழிவகுக்கிறது. அதன் செயல் குறைந்தால் இழை வலுவிழக்கும். மிகுந்தால் திசு தடித்து இறுகும். வயது ஏறும்போது நொதியின் துணையின்றிச் சர்க்கரையாலும் பிணைப்புகள் சேர்கின்றன.

ஆகவே, வடிவத்தின் வரலாற்றோடு நொதிகளின் வரலாற்றையும் சேர்த்து வாசிக்கும்போது, மலையேறி உழைப்போரின் விறைப்பை வெறும் 'வயதின் இயல்பு' எனக் கடந்துவிட இயலாது.