வாடகை வீடும் பெயின்ட் காசும்

நான் 1983-ல் ஓசூருக்கு வேலைக்கு வந்தபோது அது தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்தான். 1971-ல் தொடங்கப்பட்ட சிப்காட் எழுபதுகளிலேயே இங்கே தொழிற்பேட்டை அமைத்துவிட்டது. 1980-ல் அசோக் லேலண்ட் ஆலையும் டி.வி.எஸ் 50 மொபெட்டும் வந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் டைட்டன் கடிகாரமும் வந்தது. ஆட்கள் வந்த வேகத்துக்கு வீடுகள் இல்லை. காலி மனை வைத்திருந்தவர்கள் எல்லாம் லைன் வீடு கட்டினார்கள்: வரிசையாக ஆறு, எட்டு வீடு, பின்னால் பொதுக் குளியலறை, ஒரு தண்ணீர்த் தொட்டி.

என் முதல் வீட்டுக்கார அம்மா தெலுங்கு பேசுபவர். ஒரு மாத வாடகைதான் அட்வான்ஸ். கல்யாணமாகி நான் காலி செய்த அன்று, அதை ஒரு ரூபாய் குறையாமல் என் கையில் வைத்து, "பால் காய்ச்ச வச்சுக்கோப்பா" என்றார்.

1996-ல் பாகலூர் சாலைப் பக்கம் பழைய லைன் வீடு ஒன்றை நானே வாங்கினேன். ஐந்து குடித்தனம். முன்சுவருக்கு மஞ்சள் பெயின்ட், வாசலில் செம்பருத்தி, புது கேட். 'டு லெட்' பலகையைத் தமிழிலும் கன்னடத்திலும் மாட்டினேன். ஒரே வாரத்தில் எல்லா வீடும் நிறைந்தது. பெங்களூர் வழக்கம் எல்லை தாண்டி வந்திருந்தது: பத்து மாத அட்வான்ஸ், காலி செய்தால் ஒரு மாத வாடகை பெயின்டுக்குப் பிடித்தம். நானும் அப்படியே செய்தேன். 1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் ஒரு மாதத்துக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்றது. யார் கேட்டார்கள்?

ஒரு பையன், காண்டிராக்ட் தொழிலாளி, தங்கை கல்யாணத்துக்காக வீட்டைக் காலி செய்தான். வழக்கம்போல் ஒரு மாத வாடகையைப் பிடித்தேன். பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "போன தடவை காலி செஞ்சவங்க காசிலயும் வெளிச்சுவருக்குத்தானே அடிச்சீங்க சார்? நாங்க குடியிருந்தது உள்ளே."

பதில் சொல்ல முடியவில்லை. அவன் போனபிறகு உள்ளே போய்ப் பார்த்தேன். சுவரில் ஓதம், குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பிடித்த பணத்தைக் கொடுக்க அவனைத் தேடினேன். அவன் ஊர் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

அந்த மாதமே கதவையும் சுவரையும் சரிசெய்தேன். பெயின்ட் பிடித்தத்தை அன்றோடு நிறுத்தினேன். 2019 பிப்ரவரியில் புது வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம், பொதுவாக மூன்று மாத அட்வான்ஸ் என்றது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு அது பாரமாகத் தெரியவில்லை.

வீடு வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். வாசல் அழகு ஆளைக் கூட்டி வரும். தண்ணீரும் தாழ்ப்பாளும்தான் தங்க வைக்கும். செம்பருத்தி இன்னும் பூக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பையனின் பாக்கி நினைவுக்கு வருகிறது.